மூன்றாம் வரி

நாங்கள் மூவரும் சேர்ந்து எழுதிய முதல் நூல் ஒரு திட்ட அறிக்கை. கெட்டி அட்டை, பொன்னிற எழுத்து, நான்கு படிகள். அட்டையில் ஆங்கிலத்தில் இருந்த தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘துகள் உலோகவியல் முறையில் கிராஃபைட்டால் வலுவூட்டப்பட்ட அலுமினியக் கூட்டுப்பொருள்’ என்று வரும். 2009-ஆம் ஆண்டு, பொறியியல் படிப்பின் இறுதிப் பருவத்தில் எழுதியது. அதன் நான்காம் அத்தியாயத்தில் கடினத்தன்மையைக் காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. நான்கே வரிகள். அவற்றுள் மூன்றாம் வரியில் இருக்கும் எண் பொய். யாரும் எங்கள் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. நாங்களே எழுதினோம்.

இலக்கியம் பேசும் இடத்தில் உலோகத்தைப் பற்றி எழுதுவதற்கு நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால் இந்தக் கதையின் மையத்தில் இருப்பது ஒரு சொல். ‘வலுவூட்டப்பட்ட’ என்ற அந்த ஒற்றைச் சொல்லை நாங்கள் நம்பியதும், அதற்காக ஓர் எண்ணைப் பலி கொடுத்ததும்தான் இங்கே சொல்லவிருப்பது.

மூவருக்கும் ஊர் மொரப்பூர். சென்னையிலிருந்து சேலத்துக்குச் செல்லும் இருப்புப்பாதையில், சாமல்பட்டிக்கும் பொம்மிடிக்கும் இடையே உள்ள நிலையம். ரயிலால் பெயர் பெற்ற ஊர் என்றே சொல்லலாம். 1906-ல் இங்கிருந்து தர்மபுரிக்கு இரண்டரை அடி அகலத்தில் குறுகிய பாதை ஒன்று போடப்பட்டு, 1913-ல் அது ஒசூர்வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்தப் பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் போய், தடம் மட்டும் வயல்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே எஞ்சியது. மொரப்பூரையும் தர்மபுரியையும் மீண்டும் இணைக்கும் புதிய பாதைக்கு 2019-ல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. எங்கள் பாட்டன்மார் பேச்சில் அந்தச் சின்ன ரயில் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது.

எங்களில் ஒருவனின் அப்பா ரயில்வேயில் கேங்மேன். மற்ற இருவரின் வீட்டிலும் வேளாண்மை. மூவரும் காலையில் ரயிலேறி, பொம்மிடி தாண்டி, சேர்வராயன் மலையின் மேற்குச் சரிவை இடப்புறம் பார்த்தபடி சேலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்குப் போய்வந்தோம். அந்த மலையைப் பார்த்துக்கொண்டு போன நாட்களில் அதற்கும் எங்கள் அறிக்கைக்கும் உறவு உண்டென்று அறிந்திருக்கவில்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்துதான் மேட்டூரில் மால்கோ ஆலை அலுமினியம் எடுத்தது. 1965-ல் தொடங்கிய அந்த ஆலையின் உருக்கு உலைகள், நாங்கள் இறுதியாண்டில் நுழைந்த 2008-ல் அணைந்தன. எங்களுக்கு வேண்டிய அலுமினியத் துகளோ டப்பாவில் அடைத்து, விலைச்சீட்டு ஒட்டி, கடையிலிருந்து வந்தது.

கிராஃபைட்டும் டப்பாவில்தான் வந்தது. தமிழ்நாட்டில் சிவகங்கை வட்டாரத்தில் கிராஃபைட் கிடைக்கிறது. அங்கே சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. இலங்கையில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுகளுக்குள் நரம்புபோல ஓடும் மிகத் தூய கிராஃபைட் கிடைக்கிறது. ஆங்கிலேயர் காலத்து வணிகத்தில் அதற்குப் பெயர் பிளம்பாகோ. இலத்தீனில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நாமும் பென்சிலுக்குள் இருப்பதைக் காரீயம் என்கிறோம். காரீயம் என்பதும் ஈயத்தின் பெயரே. கறுப்பாக, வழவழப்பாக, தாளில் கோடு இழுப்பதாக இருந்ததால் உலகத்தின் இரு மூலைகளிலும் மக்கள் அதை ஈயத்தின் இனம் என்று எண்ணிவிட்டார்கள். அது முழுக்கக் கரிதான் என்று ஷீலே 1779-ல் காட்டினார். பத்தாண்டு கழித்து, எழுதுதல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வெர்னர் அதற்கு கிராஃபைட் என்று பெயரிட்டார். பெயர் திருந்திய பின்பும் காரீயம் நம் வாயில் காரீயமாகவே இருக்கிறது. ஒரு பொருளுக்குத் தவறான சொல் ஒட்டிக்கொண்டால் அதை உரிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே சான்று. எங்களுக்கு இந்தப் பாடம் பிந்தித்தான் வந்தது.

அலுமினியத்தில் கிராஃபைட்டை ஏன் கலக்க வேண்டும்? அலுமினியம் எடை குறைந்தது. ஆனால் உராய்வைத் தாங்காது. எஃகின்மேல் அதை அழுத்தி இழுத்தால் பற்றிக்கொண்டு, கிழிந்து, துணுக்குத் துணுக்காக உதிரும். பிஸ்டன், புஷ், பேரிங் என்று உராயும் இடங்களில் அதனிடம் உள்ள குறை இதுதான். கிராஃபைட் இதற்கு நேரெதிரான குணம் கொண்டது. கரியணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்ட பொருள் அது. ஒவ்வொரு தாளுக்குள்ளும் அணுக்களின் பிணைப்பு மிக உறுதி. தாளுக்கும் தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர் இடைவெளியும் மெலிந்த ஈர்ப்பும்தான். ஆகவே தாள்கள் எளிதில் வழுக்கி விலகுகின்றன. பென்சில் எழுதுவது இதனால்தான். கிராஃபைட்டை அலுமினியத்துக்குள் தூவி வைத்தால், உராயும்போது எண்ணெய் இல்லாமலேயே தனக்குத் தானே வழுக்கும் உலோகம் கிடைக்கும் என்பது அடிப்படை எண்ணம்.

இந்த எண்ணத்துக்கு உயிர் கொடுத்தவர்களில் ஓர் இந்தியர் முக்கியமானவர். பிரதீப் ரோஹத்கி அமெரிக்காவில் சர்வதேச நிக்கல் நிறுவனத்தில் பணியாற்றியபோது, பாடியா என்பவருடன் சேர்ந்து, உருகிய அலுமினியத்துக்குள் கிராஃபைட் துகளைச் செலுத்திக் கலக்கும் முறையை 1969-ல் வெளியிட்டார். கிராஃபைட்டை உருகிய அலுமினியம் நனைக்காது. தாமரை இலை நீர் போல இரண்டும் விலகி நிற்கும். அதனால் துகள்களுக்கு நிக்கல் முலாம் பூசி உள்ளே அனுப்பினார்கள். பிறகு அவர் இந்தியா திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும், திருவனந்தபுரம் வட்டார ஆய்வுக்கூடத்திலும் இந்த ஆய்வை வளர்த்தார்.

உருக்கிக் கலப்பதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்தச் சூட்டில் அலுமினியமும் கரியும் வினைபுரிந்து அலுமினியக் கார்பைடு உண்டாகலாம். அது ஈரம் பட்டால் மீத்தேன் வாயுவாகவும் வெண்பொடியாகவும் சிதைந்து, பொருளை உள்ளிருந்தே அரிக்கும். இதைத் தவிர்க்க இன்னொரு வழி துகள் உலோகவியல். உலோகத்தை உருக்குவதே இல்லை. பொடியாக எடுத்து, கலந்து, அச்சிலிட்டு அழுத்தி, உருகுநிலைக்குக் கீழே வைத்துச் சுடுவது. துகள்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் அணுக்கள் எல்லை தாண்டிக் குடியேற, துகளும் துகளும் ஒட்டிக்கொள்ளும். இதை சின்டரிங் என்பார்கள். ஒசூரில் வாகன உறுப்புகளை இம்முறையில் வார்க்காமல், கடையாமல் அழுத்திச் சுட்டுத் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. எங்கள் ஊரின் சின்ன ரயில் ஒரு காலத்தில் போய்ச் சேர்ந்த ஒசூர்தான்.

நாங்கள் செய்தது இதுதான். தூய அலுமினியம், அதனுடன் எடையில் 1, 3, 5 விழுக்காடு கிராஃபைட் என நான்கு கலவைகள். ஒவ்வொன்றையும் சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகள் உள்ள உருளையிலிட்டுச் சுழற்றிக் கலந்தோம். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு அச்சின் உட்சுவரில் துத்தநாக ஸ்டியரேட்டைப் பூசி, பொடியைக் கொட்டி, யூ.டி.எம். இயந்திரத்தில் 400 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுத்தோம். சுண்டுவிரல் நகமளவு பரப்பின்மேல் மூன்று டன்னுக்கும் மேலான பாரம். வெளியே தள்ளினால் மங்கிய வெள்ளியாக ஒரு சிறு உருளை வரும். புட்டுக்குப் பிசிறிய மாவைக் கையில் அழுத்திப் பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்கும், விரலால் சுண்டினால் உதிரும் அல்லவா, அந்தப் பக்குவம். சுடாத பானையைப் பச்சைமண் என்பதுபோல இந்த நிலைக்கும் ‘பச்சை’ என்றே பெயர் என்று படித்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சொல்லி முடியாது. உலகத்துக் குயவர்களெல்லாம் ஒரே சாதி என்று தோன்றியது.

முதல் தொகுதியைச் சாதாரணச் சூளையில், காற்றுபடச் சுட்டோம். அத்தனையும் பாழ். அலுமினியத் துகள் ஒவ்வொன்றின்மேலும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்று எப்போதும் இருக்கும். காற்றில் சுட்டால் அது தடித்துத் துகள்களை ஒட்டவிடாது. மேற்பரப்பில் இருந்த கிராஃபைட்டும் தீய்ந்துபோயிற்று. பிறகு வெல்டிங் பட்டறை ஒன்றிலிருந்து ஆர்கான் உருளையை வாடகைக்கு எடுத்துவந்து, குழாய்ச் சூளையில் அந்த வாயுவை ஓடவிட்டு, 580 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்தோம். அலுமினியத்தின் உருகுநிலை 660 டிகிரி. உருளைகள் சூளைக்குள்ளேயே ஆறட்டும் என்று இரவு முழுக்கக் காத்திருந்து, விடிகாலை ரயிலில் தூங்கி வழிந்தபடி மொரப்பூர் திரும்பியது நினைவிருக்கிறது. கைரேகை முழுக்கச் சாம்பல் நிறம்.

பிறகு கடினத்தன்மைச் சோதனை. பிரினெல் முறையில் ஒரு சிறு எஃகுக் குண்டை உருளையின் முகத்தில் அழுத்தி, விழும் குழியின் விட்டத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். குழி அகன்றால் பொருள் மிருது. தூய அலுமினியத்துக்கும் ஒரு விழுக்காட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூன்று விழுக்காட்டில் குழி தெளிவாக அகன்றது. ஐந்தில் இன்னும் அகன்றது. மறுபடி அளந்தோம். புதிய உருளைகளில் அளந்தோம். அதே கதை. கிராஃபைட் ஏற ஏறக் கடினத்தன்மை இறங்கியது.

வழிகாட்டி ஆசிரியரிடம் தாளை நீட்டினோம். நல்ல மனிதர். கடிந்து பேசியறியாதவர்.

“தலைப்புல என்னப்பா போட்டிருக்கு?”

“கிராஃபைட்டால வலுவூட்டப்பட்டதுன்னு சார்.”

“அப்ப வலு ஏறணுமா, எறங்கணுமா?”

நாங்கள் பேசவில்லை. அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து, “நல்லாப் பாத்துட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார். மாற்றச் சொல்லவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பார்க்கச் சொன்னார். நாங்கள் பார்த்தது உருளையை அல்ல, நாட்காட்டியை. அறிக்கை கொடுக்க எட்டு நாள் இருந்தது.

நாங்கள் படித்திருந்த சில கட்டுரைகளில் வரைபடம் ஒரு குன்றுபோல இருந்தது. சேர்க்கும் பொருள் கூடக் கூடக் கடினம் ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு துகள்கள் திரண்டுகொள்வதால் இறங்கும். எங்களுடையதோ வெறும் சரிவு. ஒரே ஓர் எண்ணை மாற்றினால் சரிவு குன்றாகிவிடும் என்பது எங்களில் யாருக்கு முதலில் தோன்றியது என்று இன்று பிரித்துச் சொல்ல முடியாது. மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியதாகவே நாங்கள் மூவரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த அளவுக்கு நட்பு. மூன்றாம் வரியின் எண்ணை உயர்த்தினோம். ஐந்து விழுக்காட்டை அப்படியே விட்டோம். ‘மூன்று விழுக்காடே உகந்த அளவு’ என்ற முடிவுரை தானாகவே எழுதப்பட்டது போல எழுந்து நின்றது. எல்லோரும் பாராட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அடுத்த அத்தியாயத்தில் தேய்மானச் சோதனை இருந்தது. சுழலும் எஃகுத் தட்டின்மேல் உருளையை நிறுத்தி, எடை வைத்து அழுத்தி, குறிப்பிட்ட தூரம் உராயவிட்டு, முன்னும் பின்னும் எடை பார்ப்பது. மெத்தென்று குழிவிழுந்த அதே மூன்று விழுக்காட்டு உருளைதான் அதில் மிகக் குறைவாகத் தேய்ந்தது. தூய அலுமினியம் தட்டைப் பற்றிக்கொண்டு கிறீச்சிட்டது. மூன்று விழுக்காடு முதலில் சற்று முனகியது. சில நிமிடங்களில் ஓசை அடங்கியது. தட்டின்மேல் கருமையான, கண்ணாடி போன்ற வளையம் ஒன்று படிந்திருந்தது. உருளைக்குள் இருந்த கிராஃபைட், உராயும் முகத்துக்கு வந்து, தாள் தாளாக வழுக்கி விரிந்து, இரு உலோகங்களுக்கும் நடுவே படலமாகப் படுத்துவிட்டது. ஐந்து விழுக்காட்டிலோ துகள்களைப் பிடித்து வைக்க உலோகம் போதாமல், ஓரம் உதிர்ந்தது. அந்த அட்டவணையில் ஓர் இலக்கத்தைக்கூட நாங்கள் தொடவில்லை. பொய்யும் மெய்யும் ஒரே அறிக்கையில், பத்துப் பக்க இடைவெளியில் இருந்தன. பொய்யைத்தான் முடிவுரையில் முதலில் வைத்தோம்.

கிராஃபைட் அலுமினியத்தை ஏன் கடினமாக்காது என்பதை இப்போது எளிதாகச் சொல்லிவிட முடிகிறது. அது அலுமினியத்துடன் ஒட்டுவதில்லை. பாரம் வரும்போது பங்கு கேட்பதில்லை. உலோகத்தின் பார்வையில் ஒவ்வொரு கிராஃபைட் துகளும் ஒரு வெற்றிடம் போல. அலுமினியத் துகள்கள் ஒன்றையொன்று தொடவிடாமல் நடுவில் நிற்கவும் செய்கிறது. சிலிக்கன் கார்பைடு, அலுமினா போன்ற வன்துகள்களைச் சேர்த்தால் வலு ஏறும். கிராஃபைட்டையே நெடுநேரம் கடுமையாக அரைத்து, உலோகத்தையும் வன்மையாக்கி, நுண்ணிய கார்பைடு உண்டாகச் செய்தால் கடினம் ஏறுவதும் உண்டு. எங்கள் எளிய கலவைக்கு அதற்கு வழியில்லை. ஆனால் துறையின் வழக்கத்தில் உள்ளே சேர்க்கும் எதற்கும் ‘வலுவூட்டி’ என்றே பெயர். அந்தச் சொல் பரிந்துரைத்ததை நாங்கள் கட்டளையாக எடுத்துக்கொண்டோம்.

2011-ல் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அதே கல்லூரியின் இறுதியாண்டு மாணவன். நூலகத்தில் எங்கள் அறிக்கையைப் பார்த்து, அதிலிருந்து தொடங்கி, மக்னீசியத்தையும் சேர்த்துப் பார்க்கப்போகிறானாம். அலுமினியத்தின் ஆக்சைடு தோலைச் சிதைக்க மக்னீசியம் உதவும் என்பது உண்மை. நல்ல யோசனை.

“அண்ணா, முதல்ல உங்க மூணு விழுக்காட்டையே செஞ்சு பாக்கறேன். கடினம் ஏறவே மாட்டேங்குது. நாலு தடவ செஞ்சுட்டேன். உங்களுக்கு மட்டும் எப்படிண்ணா ஏறுச்சு?”

அலைபேசியை எடுத்தவன் எங்களில் ஒருவன்தான். அவன் சொன்ன பதிலுக்கு மூவரும் பொறுப்பு, ஏனென்றால் அன்று மாலை அவன் எங்களிடம் சொன்னபோது நாங்கள் இருவரும், “சரியாத்தான் சொன்ன” என்றோம். அவன் சொன்னது: “ஆர்கான் சரியாப் போகுதான்னு பாருப்பா. சூளையில கசிவு இருக்கும்.”

அந்தப் பையன் சூளையைப் பிரித்தான். குழாயின் மூடிகளை மாற்றினான். புதிய பொடி வாங்கினான், தன் காசில். இரண்டு மாதம் கழித்து மீண்டும் அழைத்தபோது அவன் குரலில் கேள்வி இல்லை. தன் கையில்தான் ஏதோ கோளாறு, தனக்கு இந்த வேலை வராது என்று முடிவு செய்திருந்தான். எங்கள் பொய் ஓர் அட்டவணையில் மை உலர்ந்து கிடக்கிறது என்று நினைத்திருந்தோம். அது எழுந்து நடந்துபோய் ஒருவனின் தோளில் உட்கார்ந்திருந்தது.

பொங்கலுக்கு ஊருக்கு வா, பேசலாம் என்று அவனை மொரப்பூருக்கு அழைத்தோம். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிலையத்துப் பக்கம் நடத்திக்கொண்டு போனோம். பணியில் இருந்த நண்பனின் அப்பா யார்டு ஓரத்தில், தண்டவாள மூட்டு ஒன்றின் அருகே குந்தியிருந்தார். ஃபிஷ் பிளேட் கழற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் டப்பாவில் கரிய களிம்பு. ஐப்பசியிலிருந்து மாசிக்குள், வெயில் ஏறுமுன், மூட்டுகளுக்கு மசகிடும் வேலை. கிராஃபைட் பொடியும் மண்ணெண்ணெயும் கறுப்பு எண்ணெயும் குழைத்த களிம்பு அது. ரயில்வேயின் கையேட்டில் அளவோடு எழுதப்பட்டிருக்கும் சேர்மானம். முதன்மைப் பாதைகளில் தண்டவாளங்களை நெடுக ஒட்டவைக்கும் முறை வந்தபின் மூட்டுகள் குறைந்துவிட்டன. யார்டுகளில் அவை இன்னும் உண்டு.

“இது என்னங்கப்பா?” என்றான் அந்தப் பையன்.

“பிளம்பாகு” என்றார் அவர். சிலோன் வணிகர்களின் பழைய சொல், எங்கள் ஊர் கேங்மேன் வாயில் கடைசி எழுத்து மட்டும் தேய்ந்து அப்படியே இருந்தது. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்காண்டு படித்து நாங்கள் கிராஃபைட் என்று கற்றதை, அவர் முப்பதாண்டாக விரலில் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“இதப் போட்டா மூட்டு பலமாகுமாப்பா?” என்று மகன் கேட்டான். கேள்வியில் இருந்த முள் அவருக்குத் தெரிய நியாயமில்லை.

“பலத்துக்கு போல்ட் இருக்குது கண்ணு. இது தண்டவாளம் நகர்றதுக்கு. சித்திரை வெயில்ல இரும்பு நீளும். நகர வழி விடலன்னா நெளிஞ்சு வண்டியே கவுந்துடும்.”

பிற்பாடு கணக்கிட்டுப் பார்த்தோம். 13 மீட்டர் தண்டவாளம் ஒன்று, 40 டிகிரி சூடேறினால் 6 மில்லிமீட்டர் நீளும். அந்த ஆறு மில்லிமீட்டருக்கு வழி விடுவதற்குத்தான் அந்தக் கரிய களிம்பு. அவரிடம் ‘வலுவூட்டி’ என்ற சொல் இருக்கவில்லை. அதனால் பொய் சொல்லும் தேவையும் இருக்கவில்லை.

நடைமேடையின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தோம். வெகுநேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அப்ப என் சூளை நல்லாத்தாண்ணா இருக்கு” என்றான். அந்தக் குரலில் இருந்த நிம்மதி, எங்களை அவன் அறைந்திருந்தால்கூட வலித்திருக்காத அளவுக்கு வலித்தது.

அதன்பின் இந்தப் பொருளைப் பற்றி உண்மையாகவே படிக்கத் தொடங்கினோம். தேர்வுக்காகப் படித்த நாட்களில் கண்ணில் படாத செய்திகள் கிடைத்தன. கிராஃபைட் தனியாக வழுக்குவதும் இல்லையாம். இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரே பறந்தபோது மின்னியற்றிகளின் கரித் தூரிகைகள் மளமளவெனத் தேய்ந்து பொடியாயின. காற்றில் உள்ள சிறிதளவு நீராவி இல்லாவிட்டால் கிராஃபைட்டின் தாள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன என்பதை சாவேஜ் என்பவர் 1948-ல் விளக்கினார். மென்மைக்கும் ஒரு துணை வேண்டியிருக்கிறது. எங்கள் உருளையின் முனகல் அடங்கியபோது, சேலத்துக் காற்றின் ஈரமும் அந்தக் கருவளையத்தில் வேலை செய்திருக்கிறது.

எங்கள் மாவட்டத் தலைநகரின் பழம்பெயர் தகடூர். அதியமானின் ஊர். ஔவை தொண்டைமானிடம் தூது சென்று, அவனுடைய ஆயுதங்கள் நெய் பூசி மினுங்குவதையும், அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் களரியில் கிடப்பதையும் பாடிய புறநானூற்றுப் பாட்டை (95) இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். போரில் பழகிய ஆயுதம் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எங்கள் உருளையை மினுக்கி வைக்க நினைத்தவர்கள். உராய்ந்தபோது அது எப்படி நடந்துகொண்டது என்பதே சொல்லவேண்டிய செய்தியாக இருந்திருக்கிறது.

பழைய தமிழ்ப் பதிப்புகளில், நூலின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு பத்திகள். சிறுவயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். இவ்வளவு பிழையை வைத்துக்கொண்டு ஏன் அச்சடித்தார்கள் என்று. 2012 கோடையில் நாங்கள் மூவரும் கல்லூரி நூலகத்துக்குப் போய், அனுமதி கேட்டு, எங்கள் அறிக்கையின் பின்னட்டையில் அப்படியொரு தாளை ஒட்டினோம். வழிகாட்டி ஆசிரியரிடமும் போய்ச் சொன்னோம். அவர் படித்துவிட்டு, “அன்னைக்கே நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்தத் தாளில் ஒரே ஒரு பதிவுதான்:

கடினத்தன்மை அட்டவணை, வரி மூன்று. ‘உயர்ந்தது’ என்பதைக் ‘குறைந்தது’ எனத் திருத்தி வாசிக்கவும். தலைப்பில் உள்ள ‘வலுவூட்டப்பட்ட’ என்ற சொல்லை நீக்கிவிடவும்.